வலது கையில் வைத்த சாவியும் பாதியில் நிறுத்திய பயிற்சியும்

அனுப்புநர்
கா. மகேஷ்குமார்,
த/பெ. காந்திமதிநாதன்,
அமரவிளை,
நெய்யாற்றின்கரை வட்டம்,
திருவனந்தபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மருத்துவர் உயர்பயிற்சி மற்றும் பணியமர்த்தல் பிரிவு,
திருவனந்தபுரம்.

பொருள்: நரம்பியலில் வலிப்பு நோய்க்கான தனிப்பயிற்சியில் இருந்த டாக்டர் அமிர்தா அவர்களைப் பாதியில் திரும்ப அழைத்த ஆணையை ரத்து செய்யவும், அதனால் நின்றுபோன என் அக்காள் ஆனந்தலட்சுமியின் பரிசோதனையைத் தொடங்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் பிரிவு ஆகஸ்ட் மாதம் பிறப்பித்த திரும்ப அழைப்பு ஆணை.
2. அது குறித்துத் தங்கள் அலுவலகத்துடன் நான் தொலைபேசியில் பேசியது.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்பதால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று சொல்லி இது ஏதாவது மேசையில் கிடந்துவிடக் கூடாது. ஆகவே மலையாளத்தில் ஒரு சுருக்கமும் இணைத்துள்ளேன். எதை வாசித்தாலும் விஷயம் ஒன்றுதான். என் அக்காளின் மூளையில் எந்தப் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிக்கும் கட்டத்திற்கு வந்த ஒரே மருத்துவரை, அவர் படித்து முடிப்பதற்குள் நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

1. நான் கருவியியலில் டிப்ளமோ படித்தவன். கோட்டுகால் பக்கம் ஒரு நிறுவனத்தில் கிரேன்களின் சென்சார்களைப் பராமரிக்கிறேன். பாரம் எவ்வளவு, கை எந்தக் கோணத்தில் நிற்கிறது, காற்று எப்படி என்று கிரேனுக்குச் சொல்வது சென்சார். அது தவறாகச் சொன்னால் ஆள் சாவான். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் தவறான அளவை வைத்துக்கொண்டு சரியான முடிவெடுக்க முடியாது என்பது தெரியும். இம்மனுவில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதுதான்.

2. என் அக்காளுக்கு வயது முப்பத்தொன்று. பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். கல்லூரியில் படிக்கும்போது வலிப்பு ஆரம்பித்தது. வலிப்பு என்றதும் தாங்கள் தரையில் விழுந்து துடிப்பதை நினைப்பீர்கள். அக்காளுக்கு அப்படி வருவது அபூர்வம். பேசிக்கொண்டே இருப்பாள், பேச்சு நின்றுவிடும். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. எதையோ மெல்லுவதுபோல் வாய் அசையும். கைகள் ஏதேதோ செய்யும். ஒன்றிரண்டு நிமிடத்தில் திரும்பி வருவாள். நடந்தது எதுவும் தெரியாது. மூன்று வகை மாத்திரைகள் சாப்பிட்டும் மாதத்திற்கு மூன்று நான்கு முறை வருகிறது.

ஒருநாள் வகுப்பில் வந்தது. அவள் திரும்பி வந்தபோது பிள்ளைகள் எல்லோரும் பின்சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்களாம். பள்ளியில் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்த கல்வியாண்டில் அவளை அழைக்கவில்லை. இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறாள்.

3. வேலை போனதைப் பற்றி முறையிட இம்மனுவை எழுதவில்லை. அதைவிடப் பெரியது போய்க்கொண்டிருக்கிறது. சமீப காலமாக அவளுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. பெயர் நிற்கிறது, வீட்டுப்பாடத்தில் யார் எந்தக் கணக்கில் தப்பு செய்தார்கள் என்பது நிற்கிறது, முகம் நிற்பதில்லை. அஞ்சு என்ற சிறுமி இரண்டு வருடமாக அவளிடம் படிக்கிறாள். ஒருநாள் வலிப்பு வந்துபோன பிறகு அக்காள் அவளைப் பார்த்து, புதிதாகச் சேர வந்திருக்கிறாயா மக்கா, எந்த ஸ்கூல் என்று கேட்டாள். அந்தப் பிள்ளை அழவில்லை. தன் பெயரையும் பள்ளியின் பெயரையும் ஒழுங்காகச் சொன்னாள். மறுநாளிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் ஆரம்பித்தார்கள். இப்போது எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் பெயர் சொல்லித்தான் உள்ளே நுழைகிறார்கள். வருகைப் பதிவு எடுக்கும் வேலை மிச்சம் என்று அக்காள் சிரிக்கிறாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு வலிப்பும் இதில் கொஞ்சம் கொண்டுபோகிறது என்று டாக்டர் அமிர்தா சொன்னார். ஆகவே இம்மனுவுக்கு அவசரம் உண்டு.

4. இனி சாவி. எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பார்கள். கத்தி, அரிவாள், சாவிக்கொத்து, எது அருகில் இருக்கிறதோ அது. இதை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் தள்ளிவிட வேண்டாம். நானும் அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தேன்; பலனில்லாத காரியம், ஆனால் தீங்கும் இல்லை என்று நினைத்திருந்தேன். அது தவறு.

எங்கள் வீட்டில் நெல் போட்டு வைக்கும் ஒரு பழைய பத்தாயம் இருந்தது. அதை விற்று வருடங்கள் ஆகிவிட்டன. அதன் சாவி மட்டும், ஒரு சாண் நீளம், அக்காளுக்காக அடுக்களை ஆணியில் தொங்குகிறது. அவளுக்கு வலிப்பு வந்தவுடன் என் தாயார் பிச்சம்மாள் ஓடிப்போய் அதை எடுத்து அவளது வலது கையில் வைத்து, விரல்களை மடக்கி, தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொள்வார். எப்போதும் வலது கைதான். அதே நேரம் பக்கத்து வீட்டு ஆட்டோ ஓட்டுநர் செல்லையன் அண்ணன் சத்தம் கேட்டு ஓடி வருவார். அக்காளின் இடது கை முறுகுவதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது, ஒடிந்துவிடும் என்று பயம். அதைத் தொடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்வார். நல்ல மனிதர். பாதிச் சோற்றில் எழுந்து ஓடி வந்திருக்கிறார்.

இப்படி வருடக்கணக்காக நடந்தது. ஒவ்வொரு மருத்துவரும் வலிப்பு வரும்போது என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். நாங்கள் பொய் சொல்லவில்லை. வலது கையை இறுக்கி மூடிக்கொள்கிறாள் என்றோம். கைபேசியில் எடுத்த வீடியோவையும் காட்டினோம். அதிலும் வலது கை இறுகித்தான் இருந்தது. மடக்கிப் பிடித்திருப்பது அம்மாவின் கை என்பதும், இடது கை செல்லையன் அண்ணனின் பிடியில் இருக்கிறது என்பதும் அந்த வீடியோவிலேயே இருக்கிறது. பார்த்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

ஐயா, சென்சாரை நாமே கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது காட்டும் அளவை எழுதிக்கொள்வது என் தொழிலில் பயிற்சிக்கு வந்த பையன்கூடச் செய்யாத வேலை. என் வீட்டிலேயே அது நடந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன், படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவர்கள் பலரும் உண்டு.

5. விளைவு சொல்கிறேன். வலது கையை ஆட்டுவது மூளையின் இடது பக்கம். ஆகவே கோளாறு இடது பக்கம் என்று முடிவானது. சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூளையின் மின்னலையைக் காட்டும் இ.இ.ஜி. பதிவு கலங்கலாக இருந்தது. ஆகக் கைதான் சாட்சி. வலது கைக்காரர்களுக்குப் பேச்சு பெரும்பாலும் இடது பக்கத்தில் இருக்கிறதாம். அங்கே அறுவை செய்தால் பேச்சுக்கு ஆபத்து என்றார்கள். வகுப்பில் நின்று பேசுவதைத் தொழிலாகக் கொண்டவளிடம் அதைச் சொன்னார்கள். அன்றோடு அறுவை என்ற பேச்சை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம்.

6. இந்த வருடம் மார்ச் மாதம் தலைநகரிலுள்ள பயிற்சி மருத்துவமனையின் வலிப்பு நோய்ப் பிரிவுக்கு அனுப்பப்பட்டோம். அங்கே இருந்தவர்தான் டாக்டர் அமிர்தா. காஞ்சிரங்குளம் ஊர். நரம்பியலில் உயர்பட்டம் முடித்து, அதன் மேலே வலிப்பு நோய்க்கென்று ஒரு வருடத் தனிப்பயிற்சியில் ஜனவரியில் சேர்ந்தவர். எங்களை நாற்காலியில் உட்கார வைத்து, அந்தப் பழைய வீடியோவை ஒரு முறை ஓடவிட்டார். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். மூன்றாவது முறை பாதியில் நிறுத்தி, திரையில் விரல் வைத்து அம்மாவிடம் கேட்டார்: "இந்தச் சாவிய அவங்க பிடிச்சதா, நீங்க பிடிக்க வச்சதா?"

அம்மா, நான்தான் வைப்பேன் என்றார். எப்போதும் வலது கையிலா என்று டாக்டர் கேட்டார். அம்மாவுக்கு அந்தக் கேள்வியே அபத்தமாகப் பட்டது. "இடது கையில ஆராவது ஒண்ணு குடுப்பாவளா மக்கா?" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். அவர் வீட்டிலும் அப்படித்தானாம், இடது கையால் கடுகு டப்பாவை நீட்டினால்கூட அவர் அம்மா வாங்கமாட்டாராம். பிறகு சொன்னார்: "இனி வந்தா ஆரும் தொடாதீங்கோ. சாவி ஆணியிலயே இருக்கட்டு. பக்கத்துல இடிபடுகது எதையும் மாத்திப் போட்டுட்டு, தள்ளி நின்னு வீடியோ எடுங்கோ. ரெண்டு கையும் தெரியணும்."

7. சொல்வது எளிது. அடுத்த வலிப்பு வந்தபோது என் தாயார் சாவியைத் தொடாமல் நிற்பதற்காகச் சேலைத் தலைப்பைத் தன் இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டார். செல்லையன் அண்ணன் வாசல்படியில் நின்று, இதெல்லாம் ஒரு வைத்தியமா, பிள்ளையைப் பிடிக்காமல் படம் பிடிக்கிறான் பார் எலே என்று என்னை வைதுகொண்டே இருந்தார். நான் எடுத்தேன். யாரும் பிடிக்காத அந்த வலது கை இறுகவே இல்லை. சும்மா சேலை மடிப்பை நிமிண்டிக்கொண்டிருந்தது. இடது கை மெதுவாக எழுந்து, மணிக்கட்டு உள்ளே மடங்கி, விரல்கள் விறைத்து, நாங்கள் யாரும் அதுவரை முழுதாகப் பார்த்திராத ஒரு நிலையில் நின்றது.

தெளிந்த பிறகு அக்காள் அந்த வீடியோவைத் தானே பார்த்தாள். பிறகு, "இத்தன வருசமா என் கைய நான் கண்டதே இல்லயாக்கும்" என்றாள்.

8. அந்த வீடியோவைப் பார்த்து டாக்டர் அமிர்தா சொன்னது: விறைப்பது இடது கை என்றால் கோளாறு வலது பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம். முகங்களை நினைவில் வைக்கும் வேலை பெரும்பாலும் வலது பக்கத்துக்காம், ஆகவே முகங்கள் மறப்பதும் அதற்குப் பொருந்துகிறது. வலிப்பு நோய்க்கென்று தனி முறையில் எம்.ஆர்.ஐ. மறுபடி எடுக்க வைத்தார். வலது பக்கத்தில் ஒரு சிறு பகுதி சுருங்கியிருப்பது தெரிந்தது. வலது பக்கமென்றால் அறுவை செய்யலாம். பேச்சுக்கு ஆபத்து குறைவு. வலிப்பு நின்றுபோகவும் நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் இதை வைத்துக்கொண்டு தலையைத் திறக்க முடியாது, சில நாட்கள் படுக்கையில் வைத்து, மாத்திரையைக் குறைத்து, வீடியோவையும் இ.இ.ஜி.யையும் சேர்த்து இரவும் பகலும் பதிவு செய்து உறுதி செய்ய வேண்டும் என்றார். உறுதி என்ற சொல்லை அவர் அன்று ஒரு முறைகூடத் தன் முடிவுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. படுக்கை கிடைக்க வரிசை உண்டு. எங்களுக்கு ஆகஸ்ட் மாதம் தேதி கொடுத்தார்கள்.

9. பயிற்சி என்றால் என்ன என்று தங்கள் பிரிவில் நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன். அந்தப் பிரிவின் பேராசிரியர் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். ஒரு வலிப்பின் பதிவை ஓடவிட்டால், பயிற்சியில் இருப்பவர் தன் முடிவைத் தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்த பிறகுதான் அவர் வாய் திறப்பார். எந்தப் பக்கம், எங்கே ஆரம்பித்தது, எது சந்தேகம். முதல் மாதங்களில் டாக்டர் அமிர்தா எழுதியது பெரும்பாலும் தப்பு என்று அவரே எங்களிடம் சொன்னார். தப்பு ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்று சொல்ல அங்கே ஆள் இருந்தது. அப்படித்தான் கண் பழகுகிறது. நரம்பியல் படித்தவர்கள் எல்லோருக்கும் இது வந்துவிடாது. பக்கவாதத்திற்கு ஒருவர், நடுக்கத்திற்கு ஒருவர், தசை நோய்க்கு ஒருவர், வலிப்புக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பழகிய கண்கள் வேண்டும். எங்கள் பழைய வீடியோவைப் பார்த்த மற்ற மருத்துவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களுடைய கண்ணை யாரும் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பேராசிரியர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அந்தப் பிரிவில் அவருக்கு அடுத்தபடியாக யாரும் இல்லை.

10. ஆகஸ்டில் கொடுத்த தேதியில், துணிமணியும் மாத்திரையுமாக அக்காளை அழைத்துக்கொண்டு போனேன். இ.இ.ஜி. கம்பிகள் ஒட்டுவதற்காகத் தலையில் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ஒரு வாரமாகத் தேய்க்காமல் இருந்தாள். பிரிவின் கதவு சாத்தியிருந்தது. டாக்டர் அமிர்தா முந்தின நாளே விடுவிக்கப்பட்டுவிட்டார், பொதுப் பணிக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள், இரவில் பதிவைப் பார்க்க ஆள் இல்லாமல் மாத்திரையைக் குறைப்பது ஆபத்து, ஆகவே சேர்க்கை எல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று செவிலியர் வருத்தத்தோடு சொன்னார். அடுத்த தேதி எப்போது என்று கேட்டேன். மறு அறிவிப்பு வரை என்றார்.

பேருந்தில் திரும்பி வரும்போது அக்காள் என்னிடம் ஒரே ஒன்றுதான் கேட்டாள், இனி தலைக்கு எண்ணெய் தேய்க்கலாமா என்று.

இந்த இடத்தில் நான் தங்கள் ஆணையைப் பற்றி ஒரு சொல் எழுதியிருந்தேன். நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தை அதை அடித்துவிட்டார். அரசு அலுவலருக்கு எழுதும் மனுவில் அது வரக் கூடாதாம். அவருடைய யோசனைப்படி, தங்கள் ஆணை மிகவும் வருந்தத்தக்கது என்று எழுதிக்கொள்கிறேன்.

11. தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசியவர் தன் பெயரைச் சொல்லவில்லை. முதலில், நீங்கள் டாக்டருக்கு என்ன உறவு என்று கேட்டார். உறவு இல்லை, நோயாளியின் தம்பி என்றேன். அப்படியானால் டாக்டரின் பணி மாற்றம் பற்றிக் கேட்க உங்களுக்கு என்ன காரியம் என்றார். பாதிப்பு யாருக்கோ அவர்தான் முறையிட வேண்டும், டாக்டரே ஒன்றும் சொல்லவில்லையே என்றார். கடைசியாக அவர் மலையாளத்தில் சொன்னதை என்னால் மறக்க முடியாது. அதன் பொருள் இது: இந்த மாதிரிப் படிப்பெல்லாம் டாக்டர்களின் சொந்த முன்னேற்றத்துக்கு; அரசு சலுகையாக விடுகிறது; தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிடும்.

ஐயா, கோபத்தை அடக்கிக்கொண்டு இதற்குப் பதில் எழுதுகிறேன். சொந்த முன்னேற்றமா? டாக்டர் அமிர்தா அந்த வருடத்தை முடித்தால் அவருக்குச் சம்பளம் கூடலாம், பதவி வரலாம், வரட்டும். ஆனால் அவர் பழக்கிக்கொண்டிருந்த கண் யாருடைய தலைக்குள் பார்க்க? என் அக்காளின் தலைக்குள். அந்தப் படிப்பு அரசு கொடுத்த சலுகை என்றால் என் அக்காளின் மூளையும் அரசின் சலுகையில் இருக்கிறதா? பாதிக்கப்பட்டவர் முறையிட வேண்டும் என்றார். முறையிடுகிறோம். இதுதான் அந்த முறையீடு.

12. டாக்டர் அமிர்தா இப்போது எங்கே இருக்கிறார் என்று தங்களுக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். எங்கள் தெற்குப் பகுதியில் ஒரு சிறிய அரசு மருத்துவமனையில், காலையில் காய்ச்சல், இருமல் பார்க்கிறார். மதியத்துக்கு மேல் ஓட்டுநர் உரிமத்துக்கு வருபவர்களின் கண்ணைச் சோதித்து, வண்டி ஓட்டத் தகுதி உண்டு என்று கையெழுத்துப் போடுகிறார். செல்லையன் அண்ணனுக்கு உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவரோடு போனபோதுதான் கண்டேன். வரிசையில் நின்ற என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அக்கா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். வீடியோ இருக்கிறது, புதியது மூன்று, பார்க்கிறீர்களா என்றேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நான் இப்பவே பாக்கலாம் மகேஷே. ஆனா வீடியோவ மட்டும் பாத்துட்டு ஆருக்க தலையையும் திறக்கச் சொல்ல எனக்கு உரிமையில்ல. மிஷினும் இல்ல, சாரும் இல்ல. நான் எழுதுகது தப்புன்னா சொல்லுகதுக்கு இங்க ஆரு உண்டு?"

வெளியே வந்து செல்லையன் அண்ணன் கேட்டார், என் கண்ணைப் பார்க்கவா எலே இந்தப் பிள்ளை இவ்வளவு படித்தது என்று. பதில் தங்களுக்குத் தெரிந்தால் அவருக்கு எழுதவும்.

ஒரு கிரேனை வாங்கி, பாதி பொருத்தி, சோதனை ஓட்டம் முடியும் முன்பே அவிழ்த்துக்கொண்டு போய் அதில் காய்கறிக் கூடை தூக்கினால், அந்த மேலாளரை என் நிறுவனம் அன்றே வீட்டுக்கு அனுப்பும். இங்கே அதற்கு ஆணை எண்ணும் முத்திரையும் உண்டு.

13. நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். காய்ச்சலுக்கு வருபவர்களும் எங்கள் ஆட்கள்தான். மழைக்காலத்தில் அந்த மருத்துவமனையில் மருத்துவர் போதாமல் ஜனங்கள் நின்று மயங்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே மருத்துவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணிக்கு எத்தனையோ பேர் தகுதியோடு காத்திருக்கிறார்கள். வலிப்புப் பதிவைப் படிக்கப் பழகிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். ஓர் இடத்துப் பள்ளத்தை நிரப்ப இன்னோர் இடத்தில் அதைவிட ஆழமாகத் தோண்டியிருக்கிறீர்கள். இரண்டாவது பள்ளத்தில் விழுபவர்கள் தனித்தனியாக, வீட்டுக்குள் விழுவதால் தங்கள் கணக்கில் வருவதில்லை.

14. இம்மனு டாக்டர் அமிர்தாவுக்குத் தெரியாது. அவர் கேட்டு எழுதியதும் அல்ல. நோயாளிகளைத் தூண்டிவிட்டார் என்று அவரிடம் விளக்கம் கேட்க யாருக்காவது தோன்றினால், தூண்டியது தங்கள் ஆணைதான் என்பதை இப்போதே எழுத்தில் தருகிறேன்.

15. ஆகவே தங்களிடம் வேண்டுவன:

அ) பார்வை ஒன்றில் கண்ட ஆணையை ரத்து செய்து, டாக்டர் அமிர்தா அவர்களை அதே பேராசிரியரின் கீழ் பயிற்சிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இழந்த மாதங்களைக் கழிக்காமல், பயிற்சிக் காலத்தை நீட்டித் தர வேண்டும். பேராசிரியர் ஓய்வு பெற்ற பிறகு அனுப்புவதில் பயனில்லை.

ஆ) பயிற்சி முடிந்த பின் அவரை வலிப்பு நோயாளிகளைப் பார்க்கும் இடத்தில், அதற்கான கருவி உள்ள இடத்தில் பணியமர்த்த வேண்டும். இது சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று கேட்டுவிடாதீர்கள். சொல்லாமல் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டோம்.

இ) என் அக்காள் ஆனந்தலட்சுமிக்கு வழங்கிய சேர்க்கையை, வரிசையின் கடைசியில் மறுபடி நிற்க வைக்காமல், பிரிவு திறந்தவுடன் முதலில் வழங்க வேண்டும். அன்று திருப்பி அனுப்பப்பட்ட மற்றவர்களுக்கும் அப்படியே.

ஈ) இனி உயர்பயிற்சியில் உள்ள எந்த மருத்துவரையும் திரும்ப அழைக்கும் முன், அவரை நம்பித் தேதி பெற்ற நோயாளிகள் யார் யார் என்று அந்தப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

உ) இம்மனுவுக்கான பதிலைத் தமிழில் தர வேண்டும். முடியாது என்றால் மலையாளத்தில் தந்தாலும் வாசிப்போம். பதில் வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

16. கடைசியாக ஒன்று. போன வாரமும் அக்காளுக்கு வந்தது. டியூஷன் நடந்துகொண்டிருந்தது. அம்மா சாவியை எடுக்கவில்லை. செல்லையன் அண்ணன் வாசலில் கைகட்டி நின்றார். பிள்ளைகளும் இப்போது பழகிவிட்டார்கள், மேசையைத் தள்ளிப் போட்டுவிட்டு விலகி நிற்கிறார்கள். நான் வீடியோ எடுத்தேன். இரண்டு கையும் தெளிவாகத் தெரிகிறது. சொன்னதெல்லாம் செய்கிறோம், ஐயா. பதிவு சரியாக இருக்கிறது. அதைப் படிக்க வேண்டியவரைத்தான் தங்களிடம் கேட்கிறோம்.

தாங்கள் இதை ஒரு மருத்துவரின் பணி மாற்ற விவகாரமாகக் கோப்பில் வைக்காமல், ஒரு நோயாளியின் சிகிச்சை நின்றுபோன விவகாரமாக எடுத்து உடனே முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: அமரவிளை
நாள்: 14.10.2025

இப்படிக்கு,
கா. மகேஷ்குமார்
(ஒப்பம்)

இணைப்பு: மலையாளச் சுருக்கம், பழைய வீடியோ ஒன்றும் புதிய வீடியோக்கள் ஐந்தும் அடங்கிய பென்டிரைவ், இரண்டு எம்.ஆர்.ஐ. அறிக்கைகளின் நகல்.

மேற்படி மனுவில் கண்டவை என்னைப் பற்றியவை. என் சம்மதத்துடன் எழுதப்பட்டவை. என் தம்பி கோபமாக எழுதியிருக்கிறான், அதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லி அப்பா சொன்னார், நான் கேட்கவில்லை. நேற்று வாசலில் ஒரு பிள்ளை தன் பெயரைச் சொல்ல மறந்துவிட்டது. அது உள்ளே வந்து உட்கார்ந்து பேசும்வரை யாரென்று எனக்குத் தெரியவில்லை. என்னால் தாமதிக்க முடியாது.

கா. ஆனந்தலட்சுமி
(ஒப்பம்)